தொட்டியில் பிறந்த குட்டி ஏஞ்சல்: ஒரு சின்ன வாயின் வரலாறு

போன மார்கழி விடுமுறைக்கு நாங்கள் நாலு பேர் திருகோணமலைக்குப் போயிருந்தோம். வாடைக்காற்று, விடாத மழை, கடல் ஒரே கொந்தளிப்பு. கடற்கரைப் பக்கம் போக வழியில்லாமல், எங்களில் ஒருத்தியின் மாமா வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து ஸ்காபரோவில் இருக்கிற அவளுடைய அண்ணா வீடியோ கோல் எடுத்தார். வீட்டில் புதிதாக வைத்த கடல்மீன் தொட்டியைக் காட்டத்தான் அந்தக் கோல். கமரா கற்களுக்கு நடுவே போய் நின்றது. விரல் நுனியளவு ஒரு மீன். நடு உடம்பு செம்மஞ்சள், ஓரமெல்லாம் ஊதா கலந்த கருநீலம். கோரல் பியூட்டி என்று சொல்லுவார்கள், குள்ள ஏஞ்சல் மீன்களில் ஒன்று.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் இருபது வருசத்துக்கு மேல் அலங்கார மீன் பிடிக்கச் சுழியோடியவர். "எந்தக் கடல் தம்பி இது?" என்று கேட்டார்.

"எந்தக் கடலும் இல்லை மாமா. இது தொட்டியில பிறந்தது. கடலைக் கண்டதே இல்லை."

மாமா நம்பவில்லை. "சும்மா கதை விடாத. இந்தச் சாதி தொட்டியில குஞ்சு பொரிக்காது" என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்துவிட்டார்.

மாமா சொன்னது முழுப்பிழையும் இல்லை. 2000ஆம் ஆண்டில் அவர் இதையே சொல்லியிருந்தால், மீன் வளர்ப்புத் துறையில் இருந்த கனபேர் ஓமென்று தலையாட்டியிருப்பார்கள். அப்படியென்றால் இடையில் என்ன நடந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். மீன் தொட்டி பணக்காரர் பொழுதுபோக்கு, அதில் என்ன வரலாறு என்று நினைத்துத்தான் நாங்களும் தொடங்கினோம். ஆனால் இந்தக் கதையின் ஒரு நுனி எங்கட கரையில்தான் கட்டியிருக்கு.

இங்கிருந்து போன மீன்கள்

கடல் அலங்கார மீன் வியாபாரத்தின் வரலாறு இலங்கையில்தான் தொடங்குகிறது. 1930களிலேயே இங்கிருந்து மிகச் சிறிய அளவில் மீன்களைப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 1950களில்தான் ஹவாய், பிலிப்பைன்ஸ் போன்ற இடங்களும் இந்தத் தொழிலுக்குள் வந்தன. பொலித்தீன் பை, அதற்குள் அடைத்த ஒட்சிசன், விமானம் இந்த மூன்றும் சேர்ந்த பிறகு வியாபாரம் வேகம் எடுத்தது. கடலுக்கு அடியில் காலையில் நீந்திய மீன் அடுத்த நாள் இன்னொரு கண்டத்துக் கடையில் நீந்தலாம் என்று ஆனது.

இலங்கையில் இந்தக் காலத்தின் பெயர்பெற்ற ஆள் ரொட்னி ஜொங்க்ளாஸ். விலங்கியல் படித்தவர், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்தவர், இலங்கையில் கடலடிச் சுழியோடலின் முன்னோடிகளில் ஒருவர். மீன்களைத் தானே பிடித்து ஏற்றுமதியும் செய்தார். வெப்பவலயக் கடல் மீன்களை எப்படிப் பிடிப்பது என்று 1975இல் ஒரு புத்தகமே எழுதினார். எங்கட ஆறுகளில் வாழும் ஒரு சின்ன மீனின் விஞ்ஞானப் பெயரில் இன்றைக்கும் அவருடைய பெயர் இருக்கிறது.

ஆனால் ஒரு ஜொங்க்ளாஸின் பெயர் தெரிந்த அளவுக்கு, அவருக்குப் பிறகு தண்ணீருக்குள் இறங்கிய நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. இந்தத் தொழில் பருவக்காற்றோடு நகரும். ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு தெற்கு, மேற்குக் கரைகள் அமைதியாக இருக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் கிழக்கு. படகு, காற்றுச் சிலிண்டர், கைவலை. முருகைக்கல் பொந்துகளுக்குள் ஒளிகிற மீனை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடிக்க வேணும். கல்லின் மேல் வலையைக் கவிழ்த்து, கம்பியால் முருகைக்கல்லை உடைத்து மீனை வெளியே கலைக்கிற "மொக்சி வலை" முறையும் இருந்தது. அது பிறகு தடை செய்யப்பட்டது. பிலிப்பைன்ஸில் 1960களில் இருந்து சயனைட்டைக் கரைத்துப் பீச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள். அது மீனையும் கெடுத்தது, முருகைக்கல்லையும் கொன்றது.

சுழியோடிகளின் உடம்பும் இதில் அடங்கும். ஆழத்தில் கனநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்திருந்த நைதரசன் குமிழ்களாகும். மூட்டு நோகும், கால் விறைக்கும், சிலருக்கு இடுப்புக்குக் கீழ் இயங்காமலே போகும். ஒரு நாளைக்கு நாலைந்து சிலிண்டர் முடிக்கிறவர்களுக்கு இது புத்தகத்தில் படிக்கிற விசயம் இல்லை. எங்கட மாமாவும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

இந்தக் கூட்டத்தில் குள்ள ஏஞ்சல்களும் இருந்தன. எங்கட கடலுக்கு உரித்தானதும் ஒன்று உண்டு. மஞ்சள் கைச்செட்டையுள்ள சென்ரோபைஜி பிளாவிபெக்டோராலிஸ் என்ற கருநீல மீனை, ரண்டால், கிளவுசேவிற்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977இல் புதிய இனமாக விபரித்தார்கள். அந்த விபரிப்பு இலங்கையில் கிடைத்த மீனை வைத்துத்தான் எழுதப்பட்டது.

குள்ள ஏஞ்சல் என்றால் என்ன

ஏஞ்சல் மீன் என்றதும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடைகளில் இருக்கிற முக்கோண வடிவ நன்னீர் மீன். அது தென்னமெரிக்க ஆற்று மீன், இதோடு அதற்குச் சொந்தம் இல்லை. கடல் ஏஞ்சல்கள் வேறு குடும்பம். அவற்றில் பெரியவை ஒன்றரை அடிக்குக் கிட்ட வளரும். சென்ரோபைஜி என்ற சாதியைச் சேர்ந்தவையோ பெரும்பாலும் பத்துச் சென்ரிமீற்றருக்குள், சில கொஞ்சம் கூட. அதனால்தான் "குள்ள ஏஞ்சல்" என்ற பெயர். நெருப்பு நிறத்தில் கறுப்புக் கோடுகளோடு இருக்கிற பிளேம் ஏஞ்சல், எலுமிச்சைத் தோல் நிற லெமன்பீல், நாங்கள் வீடியோவில் பார்த்த கோரல் பியூட்டி எல்லாம் இந்தச் சாதிதான்.

வீட்டுத் தொட்டிக்காரர்களுக்கு இவற்றில் ஆசை வந்ததற்குக் காரணம் லேசாக விளங்கும். பெரிய ஏஞ்சலின் அழகு, சின்ன மீனின் அளவு. நாள் முழுக்கக் கல்லுக் கல்லாகப் போய்ப் பாசியைக் கொத்திக்கொண்டு திரியும். ஒரு ஆணும் சில பெண்களுமாகக் கூட்டமாக வாழும்; எல்லாம் பெண்ணாகத்தான் தொடங்கும். ஆண் செத்துப்போனால் கூட்டத்தில் பெரிய பெண் சில வாரங்களில் ஆணாக மாறிவிடும்.

பிரச்சினை, கடலில் பிடித்த குள்ள ஏஞ்சல்களில் நிறைய வீட்டுத் தொட்டியில் நின்று பிடிக்கவில்லை. பாசி கொத்திப் பழகிய மீனுக்கு உருண்டைத் தீன் சாப்பாடாகவே தெரியாது. பிடித்த அடி, பையில் அடைத்த களைப்பு, கூட வந்த ஒட்டுண்ணி, இதெல்லாம் சேர்ந்து சில கிழமைகளில் மெலிந்து செத்துவிடும். ஆள் திரும்பக் கடைக்குப் போய் இன்னொன்று வாங்குவார். அந்த இன்னொன்றுக்காக இன்னொருவர் எங்கேயோ தண்ணீருக்குள் இறங்குவார். இந்தச் சக்கரம் பல பத்தாண்டுகள் இப்படியே சுற்றியது.

முட்டை வந்தது, குஞ்சு வரவில்லை

நாங்கள் முதலில் நினைத்தது, இவை தொட்டியில் முட்டையிடாதபடியால்தான் வளர்க்க முடியவில்லை என்று. அது பிழை. பிலிப் லோபெல் என்ற ஆய்வாளர் ஹவாய்க் கடலில் பொட்டர்ஸ் ஏஞ்சலைக் கவனித்து 1978இல் எழுதினார். அது மாரி, வசந்த காலங்களில், பொழுது படுகிற நேரத்தில், முக்கியமாகப் பௌர்ணமிக்கு முந்திய வாரத்தில் முட்டையிடுகிறது. 1981இல் பௌவர் தம்பதியினர் வெளியிட்ட ஆய்வு, குள்ள ஏஞ்சல் சோடிகள் தொட்டிக்குள்ளேயே முட்டையிடுவதை விபரமாகக் காட்டியது. வெளிச்சம் மங்குகிற நேரம் ஆணும் பெண்ணும் மேலே எழும்பும். ஆண் பெண்ணின் வயிற்றை மூக்கால் உரசும். ஒரு கணத்தில் முட்டையும் விந்தும் தண்ணீரில் கலக்கும். பிறகு இரண்டும் ஒன்றுமே நடக்காத மாதிரிக் கல்லுக்குள் போய்விடும்.

அப்படியென்றால் தடை எங்கே? அதை விளங்கிக்கொள்ள, தொட்டியில் வெற்றியாக வளர்ந்த இன்னொரு மீனைப் பார்க்க வேணும்: கோமாளி மீன், "நீமோ" என்றால் எல்லாருக்கும் தெரியும். புளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் 1970களின் தொடக்கத்தில் அதை வியாபார அளவில் இனப்பெருக்கினார். கோமாளி மீன் தன் முட்டைகளைக் கல்லில் ஒட்டி, தகப்பன் காவல் நின்று விசிறும். ஒரு கிழமைக்கு மேல் முட்டைக்குள் வளர்ந்த குடம்பி பொரிக்கும்போதே கண்ணும் வாயும் உள்ளதாக இருக்கும். ரொட்டிபர் என்ற நுண்ணுயிரை உடனே தின்னும். கடல் மீன் குடம்பிகளுக்கு ரொட்டிபரைத் தீனாகக் கொடுக்கலாம் என்பதை ஜப்பானில் இட்டோ 1960இல் காட்டியிருந்தார். உலகம் முழுக்கக் கடல் மீன் வளர்ப்பு எழும்பியதே அந்த ரொட்டிபரின் தோளில்தான்.

குள்ள ஏஞ்சல் இந்த வழிக்குள் வரவில்லை. அதன் முட்டை ஒரு மில்லிமீற்றரை விடச் சின்னது. எண்ணெய்த் துளி ஒன்றோடு மேலே மிதந்து ஒரு நாளைக்குள் பொரித்துவிடும். பொரித்து வருவதைக் குஞ்சு என்று சொல்லவே மனம் வராது. வாய் இல்லை, வேலை செய்கிற கண் இல்லை. மஞ்சட்கருப் பையோடு மிதக்கிற ஒரு கண்ணாடி நூல் துண்டு. மூன்றாம் நாளளவில் கண் கறுக்கும், வாய் திறக்கும். அதற்குள் மஞ்சட்கரு தீர்ந்திருக்கும். உடனே சாப்பாடு வேணும். ஆனால் அந்த வாய் ரொட்டிபரை விழுங்கப் போதாது. வழக்கமான ரொட்டிபர் ஒன்று 100 முதல் 200 மைக்ரோமீற்றர் வரை இருக்கும். இந்த வாய்க்கு வேண்டியது ஒரு தலைமயிரின் தடிப்பை விடச் சின்னதாக, அதோடு துடித்துத் துடித்து அசைகிற உணவு. அது கிடைக்காவிட்டால் ஐந்தாம், ஆறாம் நாள் தொட்டி வெறுமையாகிவிடும். கண்ணுக்கு முன்னால் ஆயிரம் குடம்பி பட்டினியில் கரைந்துபோகும். முயற்சி செய்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான்.

மார்ட்டின் மோ ஏஞ்சல்களையும் விடவில்லை. அத்திலாந்திக் கடலின் பெரிய ஏஞ்சல்களான பிரெஞ்ச் ஏஞ்சலையும் சாம்பல் ஏஞ்சலையும் வளர்த்து, 1976இல் அதைப் பற்றி எழுதினார். ஆனால் அவருடைய குடம்பிகள் தின்றது கடலில் வலை போட்டு அள்ளி வந்த பிளாந்தன்களை. இன்றைக்கு வலையில் நல்ல தீன் வரும், நாளைக்கு வராது. அதோடு பெரிய ஏஞ்சல்களின் குடம்பிப் பருவம் மூன்று, நான்கு கிழமைகளில் முடிந்துவிடும். குள்ள ஏஞ்சலுக்கு அது ஏறத்தாழ இரண்டு மாதம். அவ்வளவு நாளும் கடலை நம்பித் தீன் போட முடியாது. ஆகவே வழி தெரிந்தும் கதவு கால் நூற்றாண்டு மூடியே கிடந்தது.

ஒவாகுத் தீவில்

கதவு ஹவாயின் ஒவாகுத் தீவில் திறந்தது. பிராங் பென்ஷ் என்ற கடல் உயிரியலாளர் அங்கே ஒரு சிறிய வளர்ப்பகத்தை நடத்தி வந்தார். 2001, 2002 காலப்பகுதியில் அவர் குள்ள ஏஞ்சல்களை முட்டையில் இருந்து குட்டி மீன் வரைக்கும் கொண்டுவந்தார். பிஷர்ஸ் ஏஞ்சல், பிளேம் ஏஞ்சல், லெமன்பீல் ஆகிய மூன்றின் வளர்ப்பையும் குடம்பி வளர்ச்சியையும் பற்றி 2002 மார்கழியில் மீன் வளர்ப்போர் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். அரசாங்கப் பெருந்திட்டம் எதுவும் இல்லாமல் ஒரு சின்ன வளர்ப்பகத்தில் இது நடந்தது என்பதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பேசினோம்.

பிறகு அவர் அரிதான இனங்களுக்குப் போனார். அத்திலாந்திக் நடுவே அசென்சன் தீவைச் சுற்றி மட்டும் வாழும் ரெஸ்ப்ளெண்டென்ட் ஏஞ்சல், எங்கட இந்து சமுத்திரத்தில் மொரீசியஸ் பக்கம் ஆழத்தில் வாழும் நீல மொரீசியஸ் ஏஞ்சல் எல்லாம் அவருடைய தொட்டிகளில் வளர்ந்தன. கடைசியில் சொன்னதைப் பற்றி 2009இல் தமாரு என்பவரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். அதே தீவில் கரென் பிரிட்டன் என்ற பெண்மணி தன் சொந்தச் சின்ன வளர்ப்பிடத்தில், ஹவாய்க்கே உரிய முகமூடி ஏஞ்சலை வளர்த்தெடுத்தார்.

சின்ன வாய்க்குச் சாப்பாடு எங்கே கிடைத்தது? கொபிபொட் என்ற, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான நுண்ணிய உயிரினத்தில். கடலில் மீன் குடம்பிகளின் இயற்கையான உணவே அதன் குஞ்சுதான். இதில் பார்வோகலானஸ் என்ற வகையின் குஞ்சு 50, 60 மைக்ரோமீற்றர் அளவில்தான் இருக்கும். ஒவாகுவில் இருக்கிற ஓஷனிக் இன்ஸ்ரிரியூட் என்ற ஆய்வு நிலையம் இந்தக் கொபிபொட்டைத் தொட்டியில் பெருந்தொகையாக வளர்க்கிற முறையை 2005இல் வெளியிட்டது. இதற்குப் பிறகு, கடலில் வலை போட்டு அள்ளிய தீனை மட்டும் நம்பி இருக்கத் தேவை இல்லை.

சொல்லும்போது சுகமாக இருக்கு. செய்யப் பார்த்தால் இது மூன்று தோட்டத்தை ஒரே நேரத்தில் பார்க்கிற வேலை. முதல் தோட்டம் நுண்பாசி. கொபிபொட் தின்ன உயிருள்ள பாசி வேணும், பாசி ஒரு நாள் கெட்டுப்போனால் எல்லாம் போச்சு. இரண்டாவது கொபிபொட். ரொட்டிபர் மாதிரி அது நெருக்கமாகப் பெருகாது. ஆகவே கன தண்ணீரில் கொஞ்சந்தான் கிடைக்கும். மூன்றாவது குடம்பித் தொட்டி. தண்ணீர் ஓட்டம் கூடினால் குடம்பி அடிபடும், குறைந்தால் அடியில் தங்கும். இப்படி இரண்டு மாதம் ஒரு நாளும் லீவு இல்லாமல் பார்த்தால், கண்ணாடிபோல் இருந்த குடம்பி நிறம் எடுத்து, ஒரு நாள் கல்லுப் பக்கம் போய் ஒதுங்கும்.

இதே வழியால் 2015இல் அதே நிலையம், மஞ்சள் ராங் என்ற ஹவாயின் பெயர்போன மஞ்சள் மீனையும் முதன்முறை வளர்த்தெடுத்தது. இரண்டே வருடத்தில் சட்டமும் திரும்பியது. 2017 செப்டம்பரில் ஹவாய் உயர் நீதிமன்றம், தொட்டி மீன் பிடிக்க அனுமதி கொடுப்பதற்கு முன்னர் சுற்றாடல் மதிப்பீடு செய்ய வேணும் என்று தீர்ப்பளித்தது. அதோடு மேற்கு ஹவாயின் பெரிய மீன்பிடி நின்றது. அதுவரை விலை கூடின விசித்திரமாக இருந்த "தொட்டியில் பிறந்த மீன்", கடைக்காரருக்கும் வேண்டிய பொருளாக மாறியது. இன்றைக்கு ஹவாய், இந்தோனேசியாவின் பாலி, பசிபிக்கின் பலாவ் என்று பல இடங்களில் ஏஞ்சல்கள் தொட்டியில் பிறக்கின்றன. ஸ்காபரோ மீன் இப்படிப்பட்ட ஒரு வழியால்தான் அங்கே போயிருக்க வேணும்.

வீட்டுக்குள் வந்த பிறகு

தொட்டியில் பிறந்தது என்றால் வீட்டில் என்ன வித்தியாசம்? நாங்கள் அண்ணாவைக் கேள்வி மேல் கேள்வியாகக் குடைந்தோம். அவர் முதலில் சொன்னது: "ஆளைக் கண்டா ஒளியாது, கிட்ட வரும்." கண் திறந்த நாளில் இருந்து மனிதர் போட்ட தீனைத் தின்று வளர்ந்த மீனுக்கு உருண்டைத் தீன்தான் சாப்பாடு. இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் அளவில் வருகிறபடியால் அந்தத் தொட்டியையே தன் கடலாக நினைத்து வளரும்.

ஆனால் இதை நினைத்து யாரும் கண்ணாடிப் போத்தலில் போட்டு வளர்க்கலாம் என்று நம்பக்கூடாது. அண்ணா முதல் தடவை வாங்கினது கடலில் பிடித்த ஒரு பிளேம் ஏஞ்சல். தொட்டி வைத்து மூன்றாம் கிழமை விட்டார், பத்தாம் நாள் செத்துப்போனது. கடைக்காரர் பிழை என்று முதலில் நினைத்தாராம். பிறகுதான் தன் தொட்டியே இன்னும் பழுக்கவில்லை என்று விளங்கியிருக்கு. கழிவை உடைக்கிற பக்றீரியாவும், கல்லில் மெல்லிய பாசியும் பிடிக்கச் சில மாதம் எடுக்கும். அந்தப் பாசிதான் குட்டி ஏஞ்சல் சாப்பாட்டு நேரத்துக்கு இடையில் கொறிக்கிற கடலை.

அவர் சொன்னதும் நாங்கள் வாசித்ததும் சேர்ந்தால் சுருக்கம் இதுதான். நூறு லீற்றருக்குக் குறையாத, கூடினால் இன்னும் நல்லம், சில மாதம் பழகின தொட்டி. சூடு 25, 26 பாகை செல்சியஸ். உப்பின் அளவு ஆடாமல் இருக்க வேணும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஆகவே நிரப்புவது நல்ல தண்ணீரால். பொந்துகள் உள்ள கற்கள் நிறைய. குட்டி மீனுக்கு வயிறு சின்னது, ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேணும். பாசி கலந்த தீன் கட்டாயம். ஒரு தொட்டிக்கு ஒரு ஏஞ்சல், அதையும் கடைசியாக விட வேணும். முதலில் விட்டால் பிறகு வருகிற மீனையெல்லாம் கலைக்கும். தொட்டியில் பிறந்தாலும் குணம் ஏஞ்சலின் குணம்தான். முருகைக்கல் உயிர்களைச் சில நேரம் கொத்திப் பார்க்கும்.

வாங்கும்போது ஒரு சொல்லைக் கவனிக்க வேணும். "தொட்டியில் பிறந்தது" வேறு, "தொட்டியில் வளர்ந்தது" வேறு. கடலில் பிடித்த குஞ்சைக் கொஞ்சநாள் தொட்டியில் வைத்துப் பழக்கி விற்பதும் உண்டு. இரண்டாவதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. முதலாவது என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

மாமாவின் கேள்வி

இவ்வளவையும் வாசித்து முடித்துவிட்டு நாங்கள் மாமாவிடம் திரும்பிப் போய்ச் சொன்னோம். கொபிபொட் குஞ்சின் படத்தை போனில் பெருப்பித்துக் காட்டினோம். அவர் கனநேரம் பார்த்தார். "அப்ப இனி ஒருத்தனும் இறங்கத் தேவையில்லை" என்றார். எங்களுக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு மிடறு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப எங்கட பெடியள் என்ன செய்யிறது?"

நாங்கள் இந்தக் கேள்விக்குத் தயாராக இருக்கவில்லை.

தொட்டியில் மீன் பிறப்பது முருகைக்கல்லுக்கு நல்லது என்று சொல்வது லேசு. ஆனால் எங்கட முருகைக்கற்பாறைகளை அழித்ததில் அலங்கார மீன் பிடித்தவனின் பங்கு மட்டும் பெரிதில்லை. சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை உடைத்து எரித்தார்கள், டைனமைற் போட்டார்கள், 1998இல் கடல் சூடாகி முருகைக்கற்கள் பெருமளவு வெளுத்துச் செத்தன. மீன் உயிரோடு இருந்தால்தான் காசு, பாறை இருந்தால்தான் மீன் என்று தெரிந்தவர்களில் சுழியோடியும் ஒருவன். வளர்ப்பகம் ஹவாயிலும் பாலியிலும் மட்டும் இருந்தால், மீனோடு சேர்ந்து வருமானமும் அங்கே போய்விடும். பாறையைப் பார்த்துக்கொள்ள எங்கட கரையில் ஒருத்தருக்கும் காரணம் மிஞ்சாது.

மற்றப் பக்கம், இறங்கத்தான் வேணும் என்று சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை. மாமாவின் கால் முன்னால் இருந்தது.

ஒன்றை மட்டும் சொல்லலாம். இந்த வரலாற்றில் திருப்பம் வந்தது பெரிய இயந்திரத்தால் இல்லை. ஒரு சின்ன வாய்க்கு எது சாப்பாடு என்று பொறுமையாகத் தேடியதால். வேண்டியது வெயில், சூடான சுத்தமான கடல் தண்ணீர், பாசி, கொபிபொட், நாள் தவறாத கவனம். முதல் மூன்றும் எங்கட கரையில் இலவசம். சீமெந்துத் தொட்டியில் கப்பி மீன் வளர்த்து ஏற்றுமதிக்குக் கொடுக்கிற வீடுகள் எங்கட நாட்டில் ஏற்கனவே இருக்கு, நாள் தவறாத கவனமும் எங்களுக்குப் புதிதில்லை. எந்த மீன் எந்தப் பொந்தில், எந்த மாதம், எத்தனை பெண்ணோடு இருக்கும் என்பது சுழியோடிகளின் தலைக்குள் இருக்கு. தாய் மீன் சோடியைத் தெரிந்தெடுக்க அந்த அறிவுதான் வேணும். வருசத்துக்கு ஆயிரம் மீனுக்காக இறங்குகிற ஒருவர், பத்துச் சோடிக்காக மட்டும் இறங்கலாம்.

இது லேசான காரியம் என்று சொல்லவில்லை. பென்ஷுக்கு முன்னால் தோற்றவர்களின் பட்டியல் நீளம், யாரும் அதை எழுதி வைக்கவில்லை. ஆனால் இந்த வியாபாரம் இங்கேதான் தொடங்கியது. எங்கட கடலின் மஞ்சள் செட்டைக் குள்ள ஏஞ்சல் 1977இல் உலகத்துக்கு அறிமுகமானபோது, அதைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். வளர்க்கத் தெரிந்தவர்களும் இங்கே இருக்கலாம்.

நாங்கள் கிளம்பும்போது மாமா படலை வரைக்கும் வந்தார். "அந்தக் குஞ்சுக்குப் போடுற சாமான், அது எங்கட களப்பிலயும் இருக்குமோ?" என்று கேட்டார். இருக்கும் மாமா, கொபிபொட் இல்லாத கடல் இல்லை என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மழைக்குள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.